தனியாக நிற்கும் கராஜுக்கு மண்ணுக்கடியில் தண்ணீரும் கரண்டும்: பள்ளம் தோண்டும் முன் யோசிக்க வேண்டியவை

உங்கள் கேள்வி இதுதான்: வீட்டிலிருந்து சுமார் 40 மீட்டர் தள்ளித் தனியாக ஒரு கராஜ் இருக்கிறது. அங்கே விளக்கு, நாலைந்து பிளக் பாயின்ட், ஒரு ஏர் கம்ப்ரஸர், கை கழுவவும் வண்டி கழுவவும் ஒரு குழாய் வேண்டும். ஒரே பள்ளத்தில் தண்ணீர் பைப்பையும் கேபிளையும் சேர்த்துப் போடலாமா? 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போதுமா?

ஒரே பள்ளத்தில் போடலாம், ஆனால் ஒட்டிப் போடக் கூடாது. 2.5 போதாது. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். இந்த வேலையில் எடுக்கிற முடிவுகளெல்லாம் மண்ணை மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வேறு யாரோ கடப்பாரையோடு வந்து நிற்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் பள்ளத்தில் எதை வைக்கும்போதும் அந்த ஆளை நினைத்துக்கொண்டுதான் வைப்பேன்.

கேபிளின் தடிமனிலிருந்து தொடங்குகிறேன். பலர் கேபிளை அது எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். வீட்டுக்குள் ஐந்து, பத்து மீட்டர் ஓடும் வயருக்கு அது சரிப்படும். 40 மீட்டர் என்றால் கேபிள் சூடாவதற்கு முன்பே வோல்டேஜ் விழ ஆரம்பித்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிளில் போகவும் வரவும் சேர்த்து, ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 18 மில்லிவோல்ட் விழும். 20 ஆம்பியர் இழுத்தால் 40 மீட்டரில் 14 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 230 வோல்ட்டில் அது 6 சதவீதத்துக்கும் அதிகம். விளக்குக்கு 3, மற்றவற்றுக்கு 5 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். இதே கணக்கை 6 சதுர மில்லிமீட்டருக்குப் போட்டால் ஆம்பியர் மீட்டருக்கு 7.3 மில்லிவோல்ட், மொத்தம் 6 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். 10 சதுர மில்லிமீட்டரில் மூன்றரை வோல்ட்தான்.

இதைவிட முக்கியம் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு விநாடி. மோட்டார் ஓடும்போது 8 ஆம்பியர் எடுத்தால், கிளம்பும்போது அதைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 48 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 2.5 கேபிளில் சுமார் 35 வோல்ட் காணாமல் போகும். மோட்டாருக்குக் கிடைப்பது 195 வோல்ட். மோட்டாரின் கிளம்பும் விசை வோல்டேஜின் இருமடிப்படி குறையும் என்பதால், 15 சதவீத வோல்டேஜ் குறைந்தால் விசையில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. டாங்கில் காற்றழுத்தம் இருக்கும்போது மோட்டார் திணறி, உறுமிக்கொண்டே நின்று, வைண்டிங் எரியும். 'கம்ப்ரஸர் மட்டம்' என்று திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மண்ணுக்குள் கிடக்கும் கேபிளுடையது.

நீண்ட மெல்லிய கேபிளில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. கராஜில் ஷார்ட் ஆனால் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) கண நேரத்தில் விழ வேண்டும். மோட்டாருக்காக வைக்கும் C வகை எம்.சி.பி. தாமதமின்றி விழுவதை உறுதியாக நம்ப வேண்டுமானால் அதன் அளவைப் போல் பத்து மடங்கு கரண்ட் ஓட வேண்டும். 20 ஆம்பியர் என்றால் 200. கேபிளின் தடை அதிகமானால் அந்த 200 ஆம்பியரே ஓடாது. ஷார்ட் ஆன இடத்தில் கேபிள் வெந்துகொண்டிருக்கும்போது எம்.சி.பி. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். தடிமனான கேபிள் இந்தப் பிரச்சினையையும் சேர்த்தே தீர்க்கிறது.

ஆக, 6 குறைந்தபட்சம். நாளை மின்சார வண்டி சார்ஜ் செய்யும் எண்ணம் துளி இருந்தாலும் 10 போடுங்கள். 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரை ஐந்தாறு மணி நேரம் தொடர்ந்து இழுக்கும். கம்ப்ரஸரைப் போல் விட்டு விட்டு ஓடும் சுமை அல்ல அது. 6 சதுர மில்லிமீட்டரில் அப்போது விழுவது 9 வோல்ட்டுக்கு மேல். 4 சதவீதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வரும் மெயின் சப்ளை இந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்குமா என்பதைப் பள்ளம் தோண்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அலுமினியம் கேபிள் போடுவதானால் அதே வேலைக்குச் சுமார் 1.6 மடங்கு குறுக்குப் பரப்பு வேண்டும்; முனைகளில் அதற்கென்றே உள்ள லக்கு (கம்பி முனையில் அழுத்திப் பிடிக்கும் உலோகக் கொண்டி) வேண்டும்.

வகை என்று கேட்டால், எஃகுக் கவசம் உள்ள ஆர்மர்டு கேபிளைத்தான் சொல்வேன். எலியும் கரையானும் பாரைநுனியும் அதை அவ்வளவு சுலபமாகத் தாண்டி வராது. கவசம் எர்த் செய்யப்பட்டிருப்பதால், யாராவது கூரான எதையாவது உள்ளே குத்தினால் அது முதலில் கவசத்தைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே இருக்கும் பேஸை, அதாவது கரண்ட் வரும் கம்பியைத் தொடும். எம்.சி.பி. விழும், ஆள் பிழைப்பார். கவசத்தையே எர்த் வயராகப் பயன்படுத்துபவர்கள் உண்டு. எஃகின் தடை காப்பரைப் போல் பல மடங்கு என்பதால் மூன்று கோர் (உள்கம்பி) உள்ள கேபிள் வாங்கி ஒரு கோரை எர்த்துக்கு ஒதுக்குவதே எனக்குப் பிடித்தது. இரண்டு முனைகளிலும் கவசத்தைச் சரியான கிளாண்டு (கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் உலோக இணைப்பு) போட்டுப் பிடியுங்கள். கவசக் கம்பிகளை வெட்டிவிட்டு டேப் சுற்றி விடுகிற வேலையை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

இப்போது எர்த் விஷயம். தனிக் கட்டடத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும்போது உயிரைத் தொடுவது இந்த இடம்தான், தப்பு அதிகம் நடப்பதும் இங்கேதான். 'கராஜ் பக்கத்தில் ஒரு எர்த் ராடு அடித்துவிட்டோம், போதும்' என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ராடுக்கு மண்ணோடு 100 ஓம் தடை இருப்பது சாதாரணம். கராஜில் ஒரு கிரைண்டரின் உடலில் பேஸ் தொட்டால், அந்த ராடு வழியாக மண்ணுக்குள் போகக் கூடியது 230-ஐ 100-ஆல் வகுத்தால் வருவது: 2.3 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஏழெட்டு மின்விசிறி ஓடுவதைப் போன்ற சமாச்சாரம், விழவே விழாது. கிரைண்டரின் உடல் 230 வோல்ட்டில் அப்படியே நிற்கும். ஆனால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், இந்த 2.3 ஆம்பியர் அதன் அளவைப் போல் எழுபது மடங்குக்கு மேல்; கண் இமைக்கும் முன் துண்டித்துவிடும். ஆகவே தனி ராடை மட்டும் நம்புவதானால் ஆர்.சி.சி.பி. கட்டாயம். அது இல்லாத ராடு மனத்துக்குத் தெம்பு தரும், ஆளைக் காப்பாற்றாது.

இன்னொரு வழி, வீட்டின் எர்த்தையே கேபிளின் மூன்றாவது கோர் வழியாகக் கராஜுக்குக் கொண்டுபோவது. பல இடங்களில் இதுவே சரியான வழி. சில நாட்டு விதிகள் இதோடு கராஜில் ஒரு ராடும் கேட்கும். யோசிக்க வேண்டிய சூழ்நிலை ஒன்று உண்டு. மின்வாரியத்தின் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே கம்பியில் சேர்த்து வீடு வரை கொண்டுவரும் அமைப்பு சில இடங்களில் இருக்கிறது. தெருவில் எங்கோ அந்தக் கம்பி அறுந்தால், வீட்டில் எர்த் செய்த இரும்பெல்லாம் மின்னேற்றம் பெறும். வீட்டுக்குள் எல்லா உலோகமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால் ஓரளவு தப்பலாம். ஈரமான சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்று காரின் உடலைத் தொடும் கராஜில் தப்ப முடியாது. அப்படிப்பட்ட சப்ளையில் வீட்டு எர்த்தைக் கராஜ் முனையில் துண்டித்து, அங்கே தனி ராடும் ஆர்.சி.சி.பி.யும் வைப்பார்கள்; கேபிளின் கவசம் கராஜ் பெட்டியின் எர்த்தைத் தொடாதபடி காப்பிட்டு நிறுத்துவார்கள். உங்கள் வீட்டுக்கு எந்த வகை சப்ளை வருகிறது என்பதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பள்ளம் தோண்டலாம், பைப் பதிக்கலாம், கேபிளை இழுத்து வைக்கலாம். இரண்டு முனைகளையும் இணைப்பதை அவரிடம் விடுங்கள். பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

எந்த வழியானாலும் ஒன்று மாறாது: கராஜ் டி.பி.யில் (சுவிட்சுகளும் எம்.சி.பி.களும் இருக்கும் பெட்டியில்) நியூட்ரலையும் எர்த்தையும் மறுபடி சேர்க்கக் கூடாது. சேர்த்தால் திரும்பி வரும் கரண்ட்டில் ஒரு பங்கு எர்த் வயரிலும் கவசத்திலும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், ஆர்.சி.சி.பி.யும் ஒழுங்காக வேலை செய்யாது.

தண்ணீர் பைப்புக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருப்பது பலருக்குத் தோன்றுவதில்லை. வீட்டிலிருந்து இரும்பு பைப்பிலேயே தண்ணீர் கொண்டுபோனால், அந்த பைப் வீட்டு எர்த்தையும் கூடவே கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. தனி எர்த் வைத்த கராஜில் கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு வெவ்வேறு எர்த்! பிளாஸ்டிக் பைப் போட்டால் இந்தத் தலைவலியே கிடையாது.

பைப் விஷயத்தில் என் தேர்வு எச்.டி.பி.இ. என்ற, வளையக்கூடிய பிளாஸ்டிக் சுருள் பைப். வீட்டு முனையிலிருந்து கராஜ் முனை வரை நடுவில் ஒரு ஜாயின்ட் கூட இல்லாமல் ஒரே துண்டாகப் போகும். ஒழுகுவது பெரும்பாலும் ஜாயின்டில்தான். மண்ணுக்கடியில் ஜாயின்ட் இல்லையென்றால் மண்ணைத் தோண்ட வேண்டிய காரணமும் பெரும்பாலும் இல்லை. பசை போட்டு ஒட்டும் பி.வி.சி. பைப்பில் 40 மீட்டருக்கு ஆறேழு ஜாயின்டாவது வரும். ஆனால் எச்.டி.பி.இ. வெப்பத்துக்கு நன்றாக நீளும், குளிர்ந்தால் சுருங்கும்: ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர். வெயிலில் கிடந்த சுருளைப் பள்ளத்தில் நேர்கோடாக விறைப்பாக இழுத்து இணைத்தால், மண்ணுக்குள் 15 டிகிரி குளிரும்போது 40 மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கும். முனையில் உள்ள இணைப்பைப் பிடுங்கப் பார்க்கும் விசை அது. பைப்பைப் பாம்பு போல் லேசாக வளைத்துப் போட்டு, ஒரு இரவு பள்ளத்தில் கிடக்கவிட்டு, மறுநாள் காலை இணையுங்கள்.

அளவு, உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 18 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள பைப்பின் உள்விட்டம் 20 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். 40 மீட்டர் ஓடி வரும்போது சுமார் 2 மீட்டர் உயர நீரழுத்தம் உரசலில் போய்விடும். மெயின் லைனில் 20, 30 மீட்டர் அழுத்தம் இருந்தால் இதை உணரவே மாட்டீர்கள். மொட்டைமாடி டாங்கிலிருந்து இறங்கும் தண்ணீரானால் உங்களிடம் இருப்பதே நாலைந்து மீட்டர்தான். அதில் பாதி போய்விடும். அப்போது 32 மில்லிமீட்டர் பைப் போடுங்கள், இழப்பு அரை மீட்டரை ஒட்டி வந்துவிடும். 20 மில்லிமீட்டர் பைப்பில் அதே தண்ணீருக்கு 6 மீட்டருக்கு மேல் வேண்டும், அதாவது டாங்கிலிருந்து அந்த அளவு வரவே வராது. விட்டத்தில் சிறு வித்தியாசம் இவ்வளவு பெரிய மாற்றம் செய்வதால், இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வீட்டு முனையில் ஒரு பால் வால்வு, அதை ஒட்டி ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கராஜில் ஹோஸின் முனை சோப்புத் தண்ணீர் பக்கெட்டிலோ பூச்சிமருந்து கலந்த டிரம்மிலோ மூழ்கிக் கிடக்கும்போது மெயின் லைனில் அழுத்தம் விழுந்தால், அந்தத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு வீட்டின் குடிநீர்க் குழாய் வரை வந்துவிடும். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் அது. உறைபனி விழும் ஊரானால் பைப்பைக் காலி செய்ய ஒரு வடிகால் வால்வும் வேண்டும். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருத்து பைப்பைப் பிளக்கும். மண்ணுக்கடியில் பத்திரமாக வந்த பைப், கராஜ் சுவரோரம் வெளியே தலைகாட்டும் அந்த அரை மீட்டரில்தான் முதலில் உறையும். அங்கே காப்புறை சுற்றுங்கள்.

இனிப் பள்ளம். ஆழத்துக்கு விதி நாட்டுக்கு நாடு மாறும். கேபிளை நேரடியாக மண்ணில் புதைத்தால் 24 அங்குலமும், பி.வி.சி. கண்ட்யூட்டுக்குள் (கேபிள் குழாய்க்குள்) போனால் 18 அங்குலமும் அமெரிக்க மின் விதி கேட்கிறது. பிரிட்டனில் தண்ணீர் பைப் 75 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையவும் கூடாது, 135-ஐத் தாண்டவும் கூடாது. உங்கள் ஊர் விதி என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். விதி குறைவாகக் கேட்டாலும் கேபிளுக்கு 60, தண்ணீருக்கு 75 சென்டிமீட்டர் என்பது என் கைக்கணக்கு. மண்வெட்டி சாதாரணமாக இறங்கும் ஆழத்தைத் தாண்டிவிடும். வண்டி ஏறி இறங்கும் பாரமும் அங்கே பரவித் தணிந்துவிடும்.

45 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில், படி வைத்த பள்ளமாக வெட்டுங்கள். ஒரு பக்கம் 75 வரை இறக்கி அங்கே தண்ணீர் பைப். மறுபக்கம் 60-இல் ஒரு படி விட்டு அதன் மேல் கேபிள். இரண்டுக்கும் நடுவே கிடைமட்டமாக 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும். ஒன்றின் தலைக்கு நேர் மேலே இன்னொன்று கூடவே கூடாது. நான் ஒருமுறை பார்க்கப் போன இடத்தில் தண்ணீர் பைப்புக்கு மேலேயே கேபிள் கிடந்தது. பைப் கசிந்து கேபிளுக்கடியில் இருந்த மணலை அரித்துக்கொண்டு போயிருந்தது. கசிவைத் தேடித் தோண்டிய ஆள் சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கேபிளை வெட்டினார். மெயினை முன்பே அணைத்திருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடைவெளி கேட்பதற்கு இதுவே காரணம்: தண்ணீரைத் தேடுகிறவர் கரண்ட்டைச் சந்திக்கக் கூடாது.

அஸ்திவாரத்தை ஒட்டி நீளவாக்கில் ஆழமாகத் தோண்டாதீர்கள். அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து 45 டிகிரியில் கீழ்நோக்கி ஒரு கோடு போனால், பள்ளம் அந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. சுவரைக் கடக்கும் இடத்தில் செங்குத்தாகக் கடந்து, ஒரு ஸ்லீவ் பைப் வைத்து, அதை வெளிப்பக்கமாகச் சாய்த்து விடுங்கள். முனையை அடைக்க மறந்தால் மழைத் தண்ணீரும் எலியும் அதன் வழியே டி.பி. வரை வரும்.

கேபிளை நேரடியாகப் புதைக்கலாம் என்றாலும், நான் வழவழப்பான உள்சுவர் கொண்ட டக்ட் பைப்புக்குள்தான் போடுவேன். நாளைக்குக் கேபிள் மாற்ற வேண்டுமானால் இழுத்துவிட்டுப் புதிது போடலாம். கேபிள்கள் டக்டின் குறுக்குப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் அடைக்கக் கூடாது. எல்போ வேண்டாம், நீண்ட வளைவுள்ள பென்ட் மட்டும். ஆர்மர்டு கேபிளை அதன் விட்டத்தைப் போல் 8 முதல் 12 மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் கவசம் விரிந்துவிடும். டக்டுக்குள் காற்று இருப்பதால் கேபிளின் சூடு மண்ணில் புதைத்ததைப் போல் இறங்காது. அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு, தயவுசெய்து இன்னொரு காலி டக்டையும் உள்ளே நைலான் கயிறு விட்டு இப்போதே போட்டுவிடுங்கள். கேமரா, இன்டர்நெட், கேட் மோட்டார் என்று ஏதாவது ஒன்று வரும். இந்த வேலையில் செலவும் பாடும் தோண்டுவதில்தான். திறந்து கிடக்கும் பள்ளத்தில் ஒரு பைப்பைக் கூடுதலாக வைப்பது ஒன்றுமே இல்லை. மூடிய பள்ளத்தைத் திறப்பது முழு வேலை.

கழிவுத் தண்ணீருக்கும் இப்போதே வழி செய்யுங்கள். தண்ணீர் கொண்டுபோகும் ஆர்வத்தில் அது எங்கே போகும் என்பதை மறந்துவிடுகிறோம். எண்ணெய் கலந்த தண்ணீரை மழைநீர்க் குழிக்கோ கிணற்றோர மண்ணுக்கோ விடக் கூடாது. கழிவு பைப்புக்குச் சரிவு வேண்டும், கேபிளுக்குச் சம ஆழம் வேண்டும்; ஆகவே அதற்குத் தனிப் பாதை வெட்டுவதே வசதி.

கராஜ் உள்ளே, இரண்டு கம்பிகளையும் துண்டிக்கும் மெயின் சுவிட்ச் ஒன்று வாசலருகே. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யைக் கராஜில் வையுங்கள். வீட்டு முனையிலும் ஒன்று வேண்டுமென்றால் 100 அல்லது 300 மில்லிஆம்பியரில் தாமதமாக விழும் வகை, அப்போதுதான் அருகில் இருப்பது முதலில் விழும். விளக்கைப் பிளக் பாயின்ட்டோடு ஒரே ஆர்.சி.சி.பி.யில் கட்டாதீர்கள். ரம்பம் சுழன்றுகொண்டிருக்கும்போது கரண்ட் விழுந்தால், அது நிற்கும் வரையாவது வெளிச்சம் இருக்க வேண்டும்.

மூடும் முன் சோதனை. பைப்பைச் சாதாரண அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில் ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள், எச்.டி.பி.இ. முதலில் கொஞ்சம் விரிவதால் அழுத்தம் சற்று இறங்கும், மறுபடி ஏற்றிவிட்டுப் பாருங்கள். கேபிளை 500 வோல்ட் மெக்கர் (கேபிளின் காப்பு நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சம் 1 மெகாஓம் என்பது விதி; புதுக் கேபிள் அதைவிட எத்தனையோ மடங்கு காட்ட வேண்டும், 1-ஐ நெருங்கினால் எங்கோ அடிபட்டிருக்கிறது. பிறகு கேபிளுக்கு மேலும் கீழும் ஒரு சாண் அளவுக்குக் கல் இல்லாத மணல், அதன் மேல் சலித்த மண், 15 சென்டிமீட்டர் அடுக்காகத் தட்டித் தட்டி. கேபிளுக்கு மேலே 30 சென்டிமீட்டர் ஏறியதும் எச்சரிக்கை டேப்பை விரியுங்கள். உலோக இழை உள்ள டேப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பிளாஸ்டிக் பைப்பைச் சாதாரண உலோகத் தேடு கருவியால் தேட முடியாது, டேப்பைத் தேட முடியும்.

மணல் போடும் முன் பள்ளத்தை மூன்று மீட்டருக்கு ஒருமுறை, குறுக்கே அளவு டேப் வைத்து, பின்னணியில் வீட்டுச் சுவர் தெரியும்படி படம் எடுங்கள். இரண்டு நிலையான மூலைகளிலிருந்து பள்ளம் எவ்வளவு தூரம் என்று ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கராஜ் டி.பி. கதவின் உட்புறம் ஒட்டுங்கள். மண்ணை மூடித் தட்டி முடித்ததும் மெக்கரை ஒருமுறை மறுபடி வையுங்கள். முன்பு காட்டிய எண்ணே இப்போதும் வந்தால் எலக்ட்ரீஷியனை இணைக்கச் சொல்லலாம்.